வருசப்பிறப்பு முடிஞ்சு வீட்டை ஒதுக்கிறது: எதை முதலில், எதைப் பிறகு?

தெகிவளை மாடி
15 ஏப்ரல், காலை 6.50

3ஆம் மாடி, இரண்டறை வீடு, சின்னப் பல்கனி ஒன்று. வாசலில் வாழைமரம் இரண்டு, நிறைகுடம், மாவிலைத் தோரணம், கலர்ப்பொடிக் கோலம். குசினியில் பலகாரம் சுட்ட எண்ணெய் ஒன்றரைப் போத்தல். குத்துவிளக்கு இரண்டும் ஒரே பிசுக்கு. நாளன்றைக்கு வேலை தொடங்குது. எல்லாத்தையும் இன்றைக்கே முடிக்கவேணும் என்று வீட்டில் பெரியாக்கள் நிற்கினம். ஆசிட், பினாயில் போத்தல்கள் வாங்காமல், குப்பைப் பையும் பெருக்காமல், எந்த ஒழுங்கில் செய்யலாம்? வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்தால் எல்லா அழுக்கும் போகும் என்று பார்த்தேன். உண்மையா?

சிரட்டை
15 ஏப்ரல், காலை 7.35

ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. அழுகுற சாமானும் தண்ணி நிற்கிற சாமானும் மட்டும்தான் இன்றைக்கு. விளக்கு, சீலை, அலுமாரி ஒன்றும் ஒரு கிழமையில் பழுதாகாது. பெரியாக்களுக்கும் அப்படியே சொல்லுங்கோ: வாசலும் குசினியும் இன்றைக்கு, மற்றதெல்லாம் நாளுக்கு அரை மணித்தியாலம்.

முதல் வேலை நிறைகுடம். மாவிலையும் தேங்காயும் வைத்த குடத்தில் தண்ணி இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். டெங்கு நுளம்பு தேடுவது இப்படியான தண்ணியைத்தான். தண்ணியை ஊற்றினால் மட்டும் காணாது. இந்த நுளம்பு முட்டையைத் தண்ணிக்குள் இடுவதில்லை, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் தண்ணிக்கோட்டை ஒட்டி மிளகுத்தூள் தூவினது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த தண்ணி பட்டவுடன் பொரிக்கும். அதனால் குடத்தின் உட்பக்கத்தைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்து, கழுவி, கவிழ்த்து வையுங்கோ. பூ மிதக்கவிட்ட உருளி, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஏசித் தண்ணி விழும் வாளி, பல்கனிச் சாடிகளின் அடித்தட்டு எல்லாத்துக்கும் இதுதான் முறை. முட்டை பொரித்து நுளம்பாகக் கொழும்புச் சூட்டில் 7 தொடக்கம் 10 நாள் போதும். கிழமைக்கு ஒருதரம் தேய்த்தால் அந்தச் சக்கரம் அறும்.

சித்திரையில் பின்னேர இடிமழை வேறு. உடைத்த தேங்காய்ச் சிரட்டையைப் பல்கனியில் நிமிர்த்தி வைக்காதேங்கோ.

சிரட்டை
15 ஏப்ரல், காலை 7.50

வினாகிரிக் கேள்வியை விட்டுவிட்டேன். இரண்டையும் கலந்தால் நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்று அமிலம், மற்றது காரம். ஒன்றையொன்று முறித்துக் காற்றும் தண்ணியும் கொஞ்ச உப்பும் மிஞ்சும், அழுக்கைப் பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. தனித்தனியாகப் பாவித்தால் இரண்டும் நல்ல சாமான். கேத்தில் அடியில் படிந்த வெள்ளைக்கும் பைப்பில் உள்ள சுண்ணாம்புக் கறைக்கும் வினாகிரி. பிசுக்குக்கும் பிரிட்ஜ் மணத்துக்கும் அப்பச்சோடா. மாபிள், சிமெந்து, மொசைக் நிலத்தில் வினாகிரியோ தேசிக்காயோ படக்கூடாது, மேற்பரப்பை அரித்து மங்கலாக்கும்.

வினாகிரியையோ டொய்லட் கழுவும் அமிலத்தையோ குளோரின் புளீச்சோடு சேர்க்கவே கூடாது. வருவது குளோரின் வாயு. யன்னல் சின்னதான குளியலறையில் அது ஆபத்து.

கொட்டாஞ்சேனை
15 ஏப்ரல், காலை 9.15

வாழைமரத்தை முழுசாகக் குப்பை லொறிக்குக் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர்தான். லொறிக்குள் பிழிபட்டு வீதி முழுக்கச் சாறு ஓடும். முதலில் நடுத்தண்டைப் பாருங்கள். வெளிமடலை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போனால் உள்ளே வெள்ளையாக, நகம் அழுத்தினால் நொருக்கென்று உடைகிற தண்டு இருக்கும். கட்டி ஒரு நாள் ஆன மரத்தில் அது நன்றாக இருக்கும், சுண்டலுக்கு எடுக்கலாம். பழுப்புக் கோடு விழுந்திருந்தால் வேண்டாம். மடல்களை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பழைய பத்திரிகையில் பரப்பி வெயிலில் வாட்டினால் பாரமும் பருமனும் பாதிக்குக் கீழே வரும். அதற்குப் பிறகு உரப்பானைக்கு, அதாவது குப்பையை உக்கவைத்து உரமாக்கும் பானைக்கு, போடலாம்.

இலைக்காம்பு மரத்தோடு சேருகிற கக்கத்திலும் தண்ணீர் நிற்கும். மரம் வாசலில் நிற்கும்வரை அதையும் பார்த்துக் கவிழுங்கள்.

பம்பலப்பிட்டி 4
15 ஏப்ரல், பகல் 12.20

தோரணம், மாலை, வாழையிலை, மருத்துநீர்ச் சக்கை (வருசத்துக்குத் தலையில் வைத்து முழுகும் மூலிகைத் தண்ணியின் சக்கை), மிச்சப் பொங்கல், பலகாரம் எல்லாம் மக்குகிற சாமான்தானே? எல்லாத்தையும் ஒரே மக்கும் பையில் கட்டி உரப்பானைக்குள் போட்டால் வேலை முடிந்தது.

சிரட்டை
15 ஏப்ரல், பகல் 1.05

இல்லை. மூன்று இடத்தில் பிழை வரும்.

முதலாவது பை. மக்கும் என்று அச்சடித்த பைகளில் பலதும் 58 பாகை அளவில் பல கிழமை நிற்கிற பெரிய உரக்கூடத்துக்கென்று செய்தவை. பல்கனிப் பானை அந்தச் சூட்டுக்கு ஒருநாளும் வராது. மாதக்கணக்கில் துண்டு துண்டாகக் கிடக்கும். பை இல்லாமலே செய்யலாம்: சின்ன வாளிக்குள் பத்திரிகைத் தாள் 4 அல்லது 5 விரித்து, நிரம்பினவுடன் தாளோடு சுருட்டி எடுங்கோ.

இரண்டாவது மாலை. இப்ப பூமாலை அதிகமும் நைலோன் நூலில்தான் கட்டி வருது. நூலின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பூவை உருவிவிட்டு நூலைப் புறம்பாகப் போடுங்கோ. நெருப்பில் ஒரு நுனியைக் காட்டினால் பருத்தி சாம்பலாகும், நைலோன் உருகிக் குண்டுமணியாகும்.

மூன்றாவது பொங்கலும் பலகாரமும். பால், சர்க்கரை, நெய், எண்ணெய் உள்ள சமைத்த சாப்பாடு திறந்த பானைக்கு ஆகாது. எறும்பு, கரப்பான், எலி என்று வரிசையாக வரும், தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக்காரரும் வருவினம். இலை, தோல், பூ, மருத்துநீர்ச் சக்கை, தேயிலைச் சக்கை போடலாம். சமைத்ததை மாநகர சபையின் உக்கும் குப்பையோடு கொடுங்கோ. லொறி வராத லீவு நாள் என்றால் மீன் எலும்பு, இறால் கோது, மிச்சக் கறியை மூடியுள்ள டப்பாவில் பிரீசரில் வைத்து, லொறி வாற அன்று காலமை எடுங்கோ. லீவுக்குப் பிறகு வீடு நாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தெகிவளை மாடி
15 ஏப்ரல், இரவு 8.30

குடம், வாழைமரம் முடிந்தது. எண்ணெயை என்ன செய்வது? பாதி தேங்காயெண்ணெய், பாதி கடையில் வாங்கின சூரியகாந்தி எண்ணெய். கேட் பிணைச்சலுக்குப் பூசலாம் என்று சொல்லினம்.

கொட்டாஞ்சேனை
15 ஏப்ரல், இரவு 9.10

பிணைச்சலுக்கு வேண்டாம். சூரியகாந்தி, சோயா மாதிரி எண்ணெய் காற்றுப் பட்டுப் பசையாகும், தூசி ஒட்டிப் பிணைச்சல் இன்னும் இறுகும். தேங்காயெண்ணெய் எறும்பைக் கூப்பிடும்.

இரண்டையும் கலக்காமல் வையுங்கள், முறை வேறு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். ஒரு பழைய தகரத்தில் ஊற்றிப் பிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் கட்டியாகிவிடும், கரண்டியால் சுரண்டிப் பத்திரிகையில் சுற்றிப் போடலாம். சூரியகாந்தி, சோயா மாதிரி எண்ணெய் பிரிட்ஜில் உறையாது. அதற்குக் காய்ந்த தும்புத்தூள் அல்லது மரத்தூள். டப்பாவில் தூளைப் போட்டு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். டப்பாவைச் சரித்தால் எண்ணெய் ஓடி வராத அளவுக்குத் தூள் வேண்டும். இதை உரப்பானையில் போடாதீர்கள். கொழுப்பு தூளை மூடிக் காற்றுப் போகாமல் செய்யும், பானை புளித்து மணக்கும்.

சிங்கில் ஊற்றுவது பற்றி நினைக்கவே வேண்டாம். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் சேர்த்து ஊற்றினால் போய்விடும் என்பார்கள். உங்கள் சிங்கைத் தாண்டும், உண்மை. கீழே குழாய் வளைகிற இடத்தில் ஆறிப் படிந்து, சோற்றுப்பருக்கையையும் பிடித்துக்கொண்டு அடைக்கும். தொடர்மாடியில் எல்லா வீட்டுக் குழாயும் ஒரே பெரிய குழாயில் இறங்குகிறது. அடைத்தால் பொங்கி வருவது கீழ்மாடி வீட்டுக் குசினியில்.

சிரட்டை
16 ஏப்ரல், காலை 6.20

எண்ணெயை எறிய முன் ஒன்று. முறுக்கு மட்டும் சுட்டு, நிறம் தெளிவாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, ஒளி படாத போத்தலில் கழுத்துவரை நிரப்பி இன்னொருக்கால் பாவிக்கலாம். கறுத்திருந்தால், சூடாக்கும்போது நுரை அடங்காவிட்டால், முன்னையைவிடக் கெதியாகப் புகைந்தால், விரலில் ஒட்டுற பிசுபிசுப்பு வந்தால் அது முடிந்த எண்ணெய். சீனி அரியதரம் சுட்ட எண்ணெய் கெதியில் கறுக்கும், அடியில் விழுந்த மாவும் சீனியும் கருகுவதால். சுவாமி விளக்குக்கும் அது வேண்டாம், புகைந்து சுவரெல்லாம் கரியாகும்.

மிச்சப் பலகாரத்தை ஒரே டின்னில் போட்டிருந்தால் இன்றைக்கே பிரியுங்கோ. அரியதரத்தின் ஈரத்தை முறுக்கு இழுத்து இரண்டு நாளில் நமுத்துப் போகும். நமுத்த முறுக்கை எறிய வேண்டாம். அவன் அடுப்பில் 120 பாகையில் 8 தொடக்கம் 10 நிமிடம், அல்லது தடித்த தாச்சியில் சின்ன நெருப்பில் பிரட்டி, முழுதாக ஆறினபிறகு டின்னில் போடுங்கோ. சூட்டோடு மூடினால் திரும்பவும் நமுக்கும்.

கொட்டாஞ்சேனை
16 ஏப்ரல், காலை 10.45

கோலம். கலர்ப்பொடி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிமெந்துத் தரையின் நுண்துளைக்குள் சாயம் இறங்கினால் மாதக்கணக்கில் நிற்கும். முதலில் காய்ந்த விளக்குமாற்றால் வெளியிலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளுங்கள். மிச்சத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். அரிசிமாக் கோலம் என்றால் கவலையே இல்லை, எறும்பும் குருவியும் முடித்துவிடும். அடுத்த வருசம் படிக்கட்டில் அரிசிமாக் கோலமே போடுங்கள்.

விளக்குப் புகைக் கரி கூரையில் இருந்தாலும் இதே விதி. ஈரத்துணி பட்டால் கரி பரவிப் பெயின்ற்றில் இறங்கும். தும்புத்தடியில் காய்ந்த துணி சுற்றி ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள்.

குசினி நிலத்தில் எண்ணெய் சிந்தின இடத்துக்குக் கோதுமைமா அல்லது அடுப்புச் சாம்பல் தூவிக் கால் மணித்தியாலம் விட்டுக் கூட்டி அள்ளினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்குச் சுடுதண்ணீரும் கொஞ்சச் சவர்க்காரமும் போதும்.

பம்பலப்பிட்டி 4
16 ஏப்ரல், மாலை 5.30

பை விசயம் விளங்கியது. ஆனால் இவ்வளவு பிரித்துக் கொடுத்தும் லொறியில் எல்லாத்தையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? எதற்கு இந்த மினக்கேடு?

சிரட்டை
16 ஏப்ரல், இரவு 7.15

2017 ஏப்ரல் 14ஐ நினைத்துப் பாருங்கோ. வருசப்பிறப்பு அன்று பின்னேரம் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் செத்துப்போச்சினம். அங்கே பல வருசமாகக் குவிந்தது கொழும்பு வீடுகளில் இருந்து போன கலந்த குப்பைதான். கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் சாமான். அது கலந்து மலையாகக் குவிந்தால் உள்ளே ஊறும், வாயு பிடிக்கும், மழைக்குப் பாரம் ஏறும்.

அதற்குப் பிறகு கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது, புத்தளம் பக்கம் அருவக்காட்டில் குப்பையைப் புதைக்கும் நிலநிரப்பு வந்தது. இரண்டுக்கும் ஈரம்தான் எதிரி. ஈரக்குப்பை எரியாது, ஈரக்குப்பையைப் புத்தளம்வரை கொண்டுபோவது தண்ணியைக் காசு கொடுத்து ஏற்றுவதுதான். லொறியில் கலந்தாலும் நீங்கள் வீட்டில் உக்கவைத்த ஒரு வாளி அந்த லொறியிலேயே ஏறவில்லை. அதை யாராலும் திரும்பக் கலக்க ஏலாது. வருசப்பிறப்பு அன்று நடந்த அழிவு அது. வருசக் குப்பையைக் கலந்து கட்டி வாசலில் வைப்பது சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொட்டாஞ்சேனை
16 ஏப்ரல், இரவு 8.00

நிறம் மறந்துபோனவர்களுக்கு: உக்கும் குப்பை பச்சை, கடதாசி நீலம், பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் செம்மஞ்சள், கண்ணாடி சிவப்பு, உலோகமும் சிரட்டையும் கபிலம். வீட்டில் ஐந்து வாளி வைக்க இடம் இல்லை என்றால் இரண்டு போதும்: ஈரம் ஒன்று, காய்ந்தது ஒன்று. போத்தல், பத்திரிகை, தகரத்தைக் கழுவிக் காயவைத்துப் பழைய போத்தல் பேப்பர் எடுக்கிறவருக்குக் கொடுங்கள். எண்ணெய் பட்ட கடதாசியை அவர் எடுக்க மாட்டார், மினுங்கும் பரிசுக் கடதாசியும் அப்படித்தான். கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே நின்றால் கடதாசி, விரிந்து திரும்பினால் பிளாஸ்டிக் பூசினது.

பிளாஸ்டிக் பூமாலையும் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் 2023 ஒக்டோபர் தொடக்கம் தடை. வீட்டில் இருக்கிற பழைய மாலையைக் கழற்றி எரிக்காதீர்கள். வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும் 2017 செப்டெம்பர் தொடக்கம் தடைதான்.

தெகிவளை மாடி
17 ஏப்ரல், இரவு 9.00

உரப்பானை தொடங்கப் போகிறேன். ஒரு தும்புத்தூள் கட்டி வாங்கித் தண்ணியில் ஊறப்போட்டிருக்கிறேன்.

சிரட்டை
17 ஏப்ரல், இரவு 9.25

ஊறினதைச் செடிச் சாடிக்குப் போடுங்கோ. உரப்பானைக்குத் தூள் காய்ந்திருக்கவேணும், அதன் வேலையே ஈரத்தை இழுப்பது. ஊறின தூள் எதை இழுக்கும்? இன்னொரு கட்டியை வாங்கிச் சுத்தியலால் தட்டி உதிர்த்துப் பைக்குள் வையுங்கோ.

20 லீட்டர் பெயின்ற் வாளி ஒன்று, நன்றாகக் கழுவினது. பக்கத்தில் 12 தொடக்கம் 15 துளை, அடியில் 5, ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு. கீழே தட்டு வைத்தால் அதையும் கிழமைக்கு ஒருதரம் தேய்க்கவேணும், நுளம்பை மறக்கக்கூடாது. அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பொச்சுமட்டை நாரோ காய்ந்த இலையோ போடுங்கோ. அதற்கு மேல் ஒரு பிடி ஈரக்குப்பைக்கு இரண்டு பிடி காய்ந்த தூள். எல்லாத்தையும் சின்னதாக வெட்டிப் போடுங்கோ, மாங்கொட்டை மாதிரி முழுசாகப் போட்டால் வருசக்கணக்கில் கிடக்கும். கடைசி அடுக்கு எப்பவும் காய்ந்த தூள். குப்பை வெளியில் தெரிந்தால் ஈ வரும். 3 நாளுக்கு ஒருக்கால் அடிவரை கிளறுங்கோ.

சரியாகப் போகுதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கோ. ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தூள் காணாது. ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ. புளித்த மணம் வந்தால் ஈரம் கூடிக் காற்றுக் குறைந்திருக்கு. எறும்பு வந்தால் உள்ளே காய்ந்திருக்கு. நிரம்பினபிறகு இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். அந்த நேரம் இரண்டாவது வாளி ஓடும்.

பம்பலப்பிட்டி 4
18 ஏப்ரல், காலை 8.10

வெள்ளை வேட்டியில் மருத்துநீரின் மஞ்சள் பட்டுக் கிடக்கு. சவர்க்காரம் போட்டவுடன் இரத்தச் சிவப்பாகப் போச்சுது. புளீச் போடவா?

சிரட்டை
18 ஏப்ரல், காலை 8.20

போடாதேங்கோ. வேட்டி பழுதாகவில்லை. மஞ்சள் காரத்தில் சிவக்கும், சவர்க்காரம் காரம். நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. நனைத்தபடியே நேர் வெயிலில் விரித்து, காய்ந்தவுடன் திரும்ப நனைத்து விரியுங்கோ. ஒரு நல்ல வெயில் நாளில் பெரும்பகுதி வெளிறிவிடும். பட்டுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், வெயில் பட்டின் சாயத்தையும் சேர்த்து எடுக்கும்.

தெகிவளை மாடி
19 ஏப்ரல், காலை 7.00

விளக்குக்கு வந்துவிட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். சில இடத்தில் மினுக்கமே இல்லை, சில இடம் செம்பு மாதிரி ரோசாவாக இருக்கு.

கொட்டாஞ்சேனை
19 ஏப்ரல், காலை 9.40

மினுங்காத இடத்தில் எண்ணெய்ப் படை இருக்கிறது. புளி எண்ணெய்க்கு மேலால் வேலை செய்யாது. விளக்கைத் தட்டு, தண்டு, அடி என்று கழற்றி, திரிக்கசண்டைப் பத்திரிகையால் துடைத்தெடுத்து, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவி நின்றால் எண்ணெய் போய்விட்டது. தேசிக்காய் அளவு பழப்புளி, அரைத் தேத்தண்ணிக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தும்பால் பூசித் தேய்த்து 3 தொடக்கம் 5 நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள்.

ரோசா நிறம் புளி கூட நேரம் நின்றதால். பித்தளையில் செம்பும் நாகமும் (துத்தநாகம்) இருக்கிறது. அமிலம் மேற்பரப்பிலிருந்து நாகத்தை எடுத்துச் செம்பை விட்டுவிடும். சலித்த சாம்பலை ஈரத்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் அந்த மெல்லிய படை போகும். கழுவினவுடன் பருத்தித் துணியால் துடைத்து, திருகுப்புரிக்குள் ஈரம் இல்லாமல் 10 நிமிடம் வெயிலில் வைத்தபிறகு பூட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் பச்சைக் களிம்பு பிடித்து அடுத்தமுறை கழற்ற வராது. மினுக்கப் பூச்சுப் பூசின அலங்கார விளக்குக்குப் புளி வேண்டாம். பூச்சு திட்டுத் திட்டாகக் கழரும். அதற்கு ஈரத்துணி போதும்.

சிரட்டை
19 ஏப்ரல், பகல் 11.30

பட்டுச்சீலை மிச்சமிருந்தால்: வியர்வை ஈரத்தோடு அலுமாரியில் வைக்கக்கூடாது. கடற்கரைப் பக்கக் காற்றில் பூஞ்சணம் கெதியாகப் பிடிக்கும். நிழலில், காற்றோட்டமாக ஒரு பின்னேரம் தொங்கவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கோ. பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பூட்டும். இரசகர்ப்பூர உருண்டை (பூச்சிக்கு வைக்கும் நப்தலீன்) சரிகையில் பட்டால் கறுக்கும். காய்ந்த வேப்பிலையும் கராம்பும் சின்னத் துணிப்பொட்டலத்தில் கட்டி மூலையில் வையுங்கோ, சீலையில் படாமல். 3 மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றுங்கோ. ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டில் அறும்.

நிறைகுடத்துக்குக் கீழே பரப்பின அரிசியைத் திரும்ப அரிசி டின்னில் கொட்ட முன் தட்டில் பரப்பி ஈரம் பாருங்கோ. ஈரமான அரிசி கொஞ்சம் சேர்ந்தாலே டின் முழுக்க வண்டு பிடிக்கும்.